எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உண்மையில் எத்தனை வயது? திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆட்கள் கொஞ்சம் பாருங்கள்

தேரடி94:

வணக்கம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 1994-இல் பத்தாவது முடித்தவன் நான். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் எங்கள் வாட்ஸப் குழுவில் நடக்கிற சண்டை அப்படியே இங்கேயும் வந்துவிடும். ஆண்டு விழாவுக்கு மலர் போடுவது என்று முன்னாள் மாணவர்கள் முடிவு செய்து, தலைக்கு ஐந்நூறு வசூலும் ஆகிவிட்டது. விளம்பரம் ஒருத்தன், போட்டோ ஒருத்தன், 'பள்ளி வரலாறு' நாலு பக்கம் என் தலையில். ஏழாவது படிக்கும்போது தமிழ்க் கட்டுரைக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கித் தொலைத்தேன், அதன் பலன்.

எழுத உட்கார்ந்தால் முதல் வரியே நகரவில்லை. வாசல் வளைவில் ஒரு வருடம் இருக்கிறது. எச்.எம். அறையில் தலைமை ஆசிரியர்கள் பெயர்ப் பலகை தொடங்குவது வேறொரு வருடத்தில். இரண்டுக்கும் பதினாறு வருட வித்தியாசம். இது போதாதென்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர், காசிமேட்டில் மீன் ஏலம் சொல்லிக்கொண்டிருந்தவர், "வளைவுல போட்டிருக்கானே, அதுக்கும் முன்னாடியே நான் அங்க படிச்சேன்பா, ஓலைக் கொட்டாய், மழை வந்தா லீவு" என்கிறார். குழுவில் ஒரு கோஷ்டி வளைவில் உள்ள வருடத்தைத்தான் போட வேண்டும் என்று நிற்கிறது, அப்போதுதான் பவள விழா என்று சொல்லிப் பெரிய ஆட்களைக் கூப்பிடலாமாம்.

அப்புறம் கதைகள். இந்தியாவிலேயே முதல் முதலில் மதிய உணவு போட்டது நம்ம ஸ்கூல்தான் என்று ஒருத்தன். காமராஜர் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று இன்னொருத்தன், அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் அவன் மாமாவாம், மாமா இப்போது இல்லை. சரி, காகிதத்தில் ஏதாவது இருக்குமா என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன், அவர்கள் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டுகிறார்கள். இதில் விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால், எங்கே போய் எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

மைக்கூடு:

தம்பி, பள்ளி அலுவலகங்களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான், முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடுகளோடுதான் குடித்தனம். உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பிறந்தநாள் கிடையாது, பல பள்ளிகளுக்கு மூன்று இருக்கும். தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்த நாள், நடுநிலைப் பள்ளியான நாள், உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த நாள். வளைவில் இதில் எதைப் போட்டார்கள் என்பது வளைவுக்குக் காசு கொடுத்த புண்ணியவானுக்குத்தான் வெளிச்சம். எச்.எம். பலகை பெரும்பாலும் உயர்நிலை ஆன பிறகுதான் தொடங்கும்; நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் வேறு பதவி, வேறு சம்பளம், அவர் பெயரை மேலே சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. உங்கள் தெருப் பெரியவர் சொல்வது தொடக்கப் பள்ளியை. எனக்குத் தெரிந்து வளைவு, பலகை, பெரியவர் மூன்றுமே சரியாக இருக்கலாம்.

அலுவலகங்கள் உங்களைப் பந்தாடுவதற்கும் காரணம் இருக்கிறது. இன்று சென்னை என்கிறோம், ஆனால் 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி, கத்திவாக்கம் தனி நகராட்சி, மணலியும் மாதவரமும் அப்படியே. மாவட்டம் என்று பார்த்தால் முதலில் செங்கல்பட்டு, 1997-இலிருந்து திருவள்ளூர், 2018-இல்தான் சென்னை. ஊர் மாநகராட்சியில் சேர்ந்தபோது பள்ளிகள் சேரவில்லை, அவை பள்ளிக்கல்வித் துறையிடமே இருந்தன. அப்புறம் சில வருடம் கழித்துத்தான் இப்படிச் சேர்ந்த பகுதிகளில் இருந்த 139 பள்ளிகள் மாநகராட்சிக்குக் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு லாரி காகிதம் கிளம்பும், முக்கால் லாரி போய்ச் சேரும். மிச்சக் கால் லாரியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

அதனால் அலுவலகத்தை விடுங்கள், பள்ளிக்கே போங்கள். எச்.எம். அறை பீரோவில், இல்லாவிட்டால் ஆய்வகத்துப் பரணில், சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தடித்த அட்டை, துணி பைண்டிங், ஆள் முழங்கை நீளம். மற்றப் பதிவேடுகளை வருடக் கணக்கு பார்த்துக் கழித்துவிடுவோம், இதை மட்டும் கழிக்கக் கூடாது, எத்தனை வருடம் ஆனாலும் யாராவது வந்து மாற்றுச் சான்றிதழ் நகல் கேட்பார்கள். சேர்க்கை எண் 1 எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். தரம் உயர்ந்தபோது சில இடங்களில் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருப்பார்கள், ஆக இரண்டு 'எண் 1' இருந்தால் மலைக்க வேண்டாம், அதுவே உங்களுக்கு விடை. அடுத்தது தரம் உயர்த்திய அரசாணை. எண்ணும் தேதியும் பழைய கோப்பு எதிலாவது மேற்கோளாக இருக்கும், கிடைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். பார்வையாளர் பதிவேட்டையும் புரட்டுங்கள். பெரிய தலைவர் வந்தால் அன்றைய எச்.எம். அதில் கையெழுத்து வாங்காமல் விட்டிருக்க மாட்டார்.

மதிய உணவுக் கதையைத் தயவுசெய்து மலரில் போடாதீர்கள். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆரம்பித்தது அது. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். அப்புறம் இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிந்து, 1925-இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்க வெள்ளைக்கார அரசு அனுமதி மறுத்ததால் நின்றது. அப்போது உங்கள் ஊர் சென்னை எல்லைக்குள்ளேயே இல்லை. தியாகராயர் வடசென்னைக்காரர்தான், அந்த அளவில் வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நெட்டுக்குப்பம் அக்கா:

மைக்கூடு ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. உயர்நிலைப் பள்ளி உயர்ந்தது மட்டும் இல்லை, ஒரு தடவை குறைஞ்சும் இருக்கு. எங்களுக்கு முந்தின செட்டெல்லாம் பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவங்க, அதுக்கப்புறம் காலேஜில் பி.யூ.சி. என்று ஒரு வருடப் புகுமுக வகுப்பு. 1978-இல் பிளஸ் டூ வந்ததும் உயர்நிலைப் பள்ளி பத்தோடு நின்றுவிட்டது, பதினொன்று வேண்டுமென்றால் மேல்நிலைப் பள்ளி தேடிப் போகணும். நான் பத்தாவது முடித்தது 1981. எங்கள் பள்ளியில் பதினொன்று இருந்திருந்தால் அப்பா இன்னும் ஒரு வருடம் விட்டிருப்பார், ஏனென்றால் நடக்கிற தூரம். ரயில் ஏறிப் போய்ப் படிக்கணும் என்றதும் பேச்சே இல்லை. பையன்கள் போனார்கள். பெண்களில் எங்கள் வகுப்பிலிருந்து இரண்டே பேர், இரண்டு பேருக்கும் அந்தப் பக்கம் அத்தை வீடு இருந்தது.

தேரடி தம்பி, அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்போது கடைசிக் கட்டத்தையும் பாருங்க, பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் 'மேற்படிப்பு' என்றோ 'நீண்ட நாள் வராமை' என்றோ இருக்கும். என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார்கள், பல வருடம் கழித்து அவள் பென்ஷன் விஷயமாக டி.சி. நகல் வாங்கப் போனபோது நானும் கூடப் போய்ப் பார்த்தேன். குடும்பச் சூழ்நிலை என்றால் எங்க ஊரில் கல்யாணம். அவளுக்கு அப்போது பதினாலு. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், எங்க காலத்தில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குச் சோறு கிடையாது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோதும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான், 1984-இலிருந்துதான் பத்தாவது வரை. என் தம்பிக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் மதியம் வீட்டுக்கு ஓடி, வஞ்சிரம் எப்பவாவது இருக்கும், பெரும்பாலும் நெத்திலிக் கருவாடும் பழைய சோறும்தான், தின்றுவிட்டுக் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வருவோம். இரண்டாவது பெல்லுக்கு அப்புறம் வந்தால் பி.டி. சார் கையை நீட்டச் சொல்வார், மோந்து பார்த்துவிட்டு, "போ போய்க் கழுவிட்டு வா" என்பார், அடிக்க மாட்டார். அவரும் எங்க பக்கத்துக் குப்பத்துக்காரர்தான்.

சும்மாகேட்டேன்:

எல்லாரும் உருகிக்கொண்டிருக்கும்போது கெடுக்கிறேன், மன்னிக்கவும். குழுவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், அதில் எத்தனை பேர் பிள்ளைகளை அதே பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள்? ஐந்நூறு ரூபாய்க்குப் பளபளா தாளில் மலர் போட்டு வளைவுக்கு முன்னாடி நின்று போட்டோ எடுப்பது சரி, அந்த வளைவுக்குப் பின்னால் பெண் பிள்ளைகள் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாராவது எட்டிப் பார்த்தீர்களா? நானும் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன்தான், கொருக்குப்பேட்டை பக்கம். எங்கள் பள்ளி ஆட்களும் இதே மாதிரி விழா எடுத்தார்கள், ஷாமியானா வாடகைக்கே பாதிப் பணம் போச்சு.

தேரடி94:

சும்மாகேட்டேன், நியாயமான அடி. குழுவில் 61 பேர், அதே பள்ளியில் பிள்ளை படிப்பது பூஜ்யம். என் மகள் சி.பி.எஸ்.இ.யில் படிக்கிறாள், வருடா வருடம் ஃபீஸ் கட்டும்போது என் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். குழாய் பற்றி எனக்கு நிஜமாகவே தெரியாது, கேட்கிறேன்.

அக்கா, நீங்கள் சொன்ன பத்து பதினொன்று விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. என் பெரியப்பா எப்போதும் "நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி." என்று மார்தட்டுவார், வயதைச் சொல்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

எட்டாம்வகுப்பு அம்மா:

நான் இதே பெல்ட்டில் ஒரு அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர், என் பொண்ணு அங்கே எட்டாவது. இவர்கள் பள்ளியா என்று தெரியாது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகும். அதைக் குழுக் கூட்டத்தில் எழுதி, பேசி, கடைசியில் ஒரு அப்பா, வெல்டிங் பட்டறைக்காரர், அவரே வந்து பத்த வைத்தார்.

வரலாறு எழுதுகிறவர் இப்போது உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் ஒரு பத்தி எழுதலாம். என் பொண்ணு வகுப்பில் ஐந்து பிள்ளைகள் வீட்டில் இந்தி, ஒருத்தி ஒடியா. அப்பாக்கள் மணலி பக்கம் கம்பெனிகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். அந்த ஒடியாப் பெண்தான் போன வருடம் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு, 'ழ' அவளுக்கு எங்களைவிட நன்றாக வருகிறது. 2021-இல், கொரோனா சமயம், ஃபீஸ் கட்ட முடியாமல் தனியாரிலிருந்து பெரிய கூட்டமே வந்து சேர்ந்தது, பாதிப் பேர் அப்புறம் திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. முதலில் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது இருப்பதற்குக் காரணமும் சொல்கிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. காலேஜ் போனால் மாதம் ஆயிரம் ரூபாய், அந்தப் புதுமைப் பெண் திட்டத்தை 2022-இல் தொடங்கியதே நம்ம வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான். இதற்கெல்லாம் 'இங்கேதான் படித்தாள்' என்று எழுதிக் கொடுப்பது ஐயா சொன்ன அதே பதிவேடுதான், ஜூன் மாதம் வந்து பாருங்கள், ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். குறையும் இருக்கிறது: காலை உணவு ஐந்தாவது வரைக்கும்தான். ஒரே வீட்டில் மூணாவது படிக்கிற தம்பி பொங்கல் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவான், ஒன்பதாவது படிக்கிற அக்கா காலியான வயிற்றோடு பிரேயரில் நிற்பாள்.

முன்னாள் மாணவர்களையும் இப்போது மேலாண்மைக் குழுவில் சேர்க்கிறார்கள். 61 பேரில் ஒருத்தர் வந்து உட்கார்ந்தால்கூடப் போதும், மாதம் ஒரு மணி நேரம்.

மைக்கூடு:

ஒன்று எச்சரிக்க மறந்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் சாதிக் கட்டம் இருக்கும், அப்பா பெயர், தொழில், பிறந்த தேதி எல்லாம் ஒரே வரியில். பழைய பக்கம் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள், அப்படிப் போட்டு ஒரு ஊரில் பெரிய தகராறே ஆனது. எச்.எம். அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து குறிப்பு எடுங்கள், பெயரை விட்டுவிட்டுத் தொழிலை மட்டும் எழுதுங்கள். கையில் ஈரம் இல்லாமல் தொடுங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் உங்கள் பக்கத்துப் பதிவேடுகள் பல ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

தேரடி94:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூன்று சனிக்கிழமை பள்ளியில் உட்கார்ந்தேன். பதிவேடு பரணில்தான் இருந்தது, கீழ் ஓரம் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி. ஐயா சொன்னபடியே இரண்டு 'எண் 1'. முதலாவது வளைவில் இருக்கும் வருடத்துக்கும் ஒன்பது வருடம் முந்தையது. ஆக வளைவு நடுநிலை, பலகை உயர்நிலை, பெரியவர் தொடக்கம். காமராஜர் கையெழுத்து எங்கேயும் இல்லை; டி.இ.ஓ., அதாவது மாவட்டக் கல்வி அலுவலர் ஒருத்தர் 'கழிவறை தேவை' என்று எழுதிப் போட்ட கையெழுத்து இருக்கிறது, சும்மாகேட்டேன் சந்தோஷப்படுவார்.

ஆனால் நான் மாட்டிக்கொண்டது தந்தையின் தொழில் கட்டத்தில். ஆரம்பப் பக்கங்களில் மீன் பிடித்தல், உப்பளம், மீன் பிடித்தல், வண்டி ஓட்டுதல், உப்பளம் என்றே போகிறது. 1955-இல் என்ஃபீல்டு ஃபாக்டரி திருவொற்றியூருக்கு வந்தது என்று படித்திருக்கிறேன், பதிவேட்டில் அதற்கு ஓரிரு வருடம் கழித்து 'கம்பெனி' என்ற வார்த்தை எட்டிப் பார்க்கிறது. அப்புறம் தீப்பெட்டிக் கம்பெனி, டயர் கம்பெனி, 1969-இல் மணலி ரிஃபைனரி ஓடத் தொடங்கியதும் 'ரிபைனரி' என்று ஒரு புது எழுத்துப்பிழை. எழுபதுகளில் உப்பளம் கிட்டத்தட்ட காணோம். தொண்ணூறுகளுக்கு வந்தால் கம்பெனிப் பெயர்களும் குறைந்து வெறும் 'கூலி', 'டிரைவர்', 'தனியார்'. கம்பெனிக்குள் போகிற ஆள் அதேதான், காண்ட்ராக்ட்டில் போகிறான், எந்தக் கம்பெனி என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை போல. நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் இதுதான் எழுதியிருக்கிறேன். இன்னொன்று, எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த மாதம் மே அல்லது ஜூன். சேர்த்துவிட்ட சார் போட்டுக் கொடுத்த பிறந்தநாள். குழுவில் ஜூன் முதல் வாரம் பூராவும் ஏன் கேக் படமாக வருகிறது என்று இப்போதுதான் புரிந்தது.

என் வரியையும் பார்த்தேன். அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர், ஓய்வு பெறும்வரை அங்கேதான், வேறு வேலை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பதிவேட்டில் 'பழ வியாபாரம்' என்று இருந்தது. வேறு யாருடைய வரியோ என்று நினைத்துப் பிறந்த தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டால், "அந்த வருஷம் கதவடைப்பு ஏழு மாசம், உங்கப்பா தேரடியில தள்ளுவண்டி போட்டு வாழைப்பழம் வித்தாரு, உன்னைச் சேர்க்கப் போனப்போ சார் என்ன வேலைன்னு கேட்டாரு, அன்னைக்கு என்ன வேலையோ அதைச் சொன்னாரு" என்றாள், அரிசி களைவதை நிறுத்தாமலே. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இதை மலரில் எழுதவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஓலைக் கொட்டாய்ப் பெரியவரும் கிடைத்தார், இருநூற்றுச் சொச்சமாவது எண். நீங்கிய காரணம் கட்டம் மட்டும் காலி. அவரிடம் போய்ச் சொன்னேன். "என்னை யாரும் நீக்கல, நானும் போறேன்னு சொல்லல, வலைக்குப் போயிட்டேன்" என்றார். மேடையில் அவரை உட்கார வைக்கிறோம், பவள விழா கோஷ்டி இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், திரும்பி வந்துவிட்டார்கள்.

எட்டாம்வகுப்பு அம்மா, மேலாண்மைக் குழுவுக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாள் எங்கள் பள்ளியிலும் அதே கதைதான். அந்த வெல்டிங் பட்டறை எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்லுங்கள். அப்புறம் 1994 பத்தாவது 'ஆ' பிரிவு குரூப் போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், என்னிடம் இருப்பதில் கறையான் அரித்து முதல் வரிசை முழுக்கக் கால் மட்டும்தான் தெரிகிறது.